அத்தைக்கு உறைக்கவில்லை

என் மாமியார் என்னைக் கூப்பிட்டுக் குழம்பை ருசி பார்க்கச் சொன்ன அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

மற்ற வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் விஷயம். நான் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அத்தை சமைக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. கொதிக்கிற சட்டிக்கு மேல் குனிந்து, ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளி ஓர் இழுப்பு இழுப்பார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். போடுவார். சரியாக இருக்கும். ஒருமுறை நான் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்ததைக் கண்டு, "சவத்த, நக்கிப் பாத்துட்டா சமைக்கிய? அப்பம் மூக்கு எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் ருசி பார்ப்பதில்லை. பெரும்பாலும் சமைப்பதுமில்லை.

அப்படிப்பட்டவர் அன்று கரண்டியை நீட்டி, "உப்பும் ஒறைப்பும் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். முகத்தைப் பார்த்தேன். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நக்கிப் பார்த்தேன். புளி தூக்கலாக இருந்தது. ஆனால் சொல்லவில்லை. குறை சொன்னால் ஒரு பேச்சு வரும், சரி என்று சொன்னால் நாளைக்கு அந்தக் குழம்புக்கு நானும் பொறுப்பு. எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு அத்தை" என்றேன்.

அன்று எனக்கு லீவு. மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்த என் கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு யார் சமையல்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "அவதான் பாத்துச் சொன்னா" என்றார். நான் நினைத்தது அப்படியே நடந்தது போலிருந்தது.

அத்தை திருநெல்வேலிப் பக்கம். மாமனார் அங்கிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்தவர். அவர் காலமான பிறகு கடையை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் மூன்று பேரும் அடையாறில், பெசன்ட் நகருக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். கோயில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு மரபுத்தொடர்க் கையேடு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அறிவு, புத்தி, உணர்வு என்று வரும் பகுதி என் மேசைக்கு வந்திருந்தது. எழுதிக் கொடுத்தவர் அவசரக்காரர். 'உணர்வு' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'உணர்ச்சி' என்று போட்டிருந்தார். 'சுரணை கெட்டவன்' என்பதற்கு வெட்கமில்லாதவன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்து, சுரணையே இல்லை என்கிறோமே, அந்தக் காலுக்கு என்ன வெட்கம்? புத்தி சொன்னான் என்றால் நல்லது சொன்னான். புத்தியைக் காட்டிவிட்டான் என்றால் கெட்டதைத் தவிர வேறு எதையும் காட்டியிருக்க மாட்டான். விவரமான பெண் என்றால் பாராட்டு. "ரொம்ப விவரம்" என்று யாராவது சொன்னால் அது பாராட்டே இல்லை. நாள் முழுக்க இப்படி வார்த்தைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டில் யாராவது சாதாரணமாக ஒன்றைச் சொன்னாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். எனக்கு அந்தக் குணம் முன்னாலேயே உண்டு. அந்த வேலை அதை வளர்த்துவிட்டது.

குழம்பு நடந்து சில நாளில் என் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைப் பதிப்பகத்தில் திறந்தேன். எதிர் மேசையில் இருந்த அட்டைப்பட ஓவியர், "மேடம், எதையோ கொண்டுவந்திருக்கீங்க, ஊசிப்போயிருக்கு" என்று மூக்கைப் பிடித்தார். தேங்காய்த் துவையல். விரல் வைத்தால் நூல் இழுத்தது. முந்தின நாள் காலையில் அரைத்ததாக இருக்க வேண்டும். தோசையை மட்டும் உதறிச் சாப்பிட்டுவிட்டு, துவையலைக் குப்பையில் கொட்டி டப்பாவைக் கழுவினேன்.

அத்தை கையால் கெட்டுப்போன பண்டம் ஒன்று வெளியே வருவது நடக்கிற காரியமே இல்லை. பால் திரிவதற்கு முன்னாலேயே திரியப்போகிறது என்று சொல்லுகிறவர். அப்படியென்றால் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். ஏன்? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நான் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட வேண்டும், மகன் முன்னால் நான் கெட்டவளாக வேண்டும், அதுதான் எண்ணமா?

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வியே அதுதான். "துவையல் எப்பிடி இருந்துச்சு?"

அவர் கண்ணையே பார்த்தபடி, "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை" என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்தது. "நெசமாவா? மணமா இருந்துச்சா?" என்று இன்னொரு தரம் கேட்டார். நான் தலையாட்டினேன். நான் மாட்டவில்லை என்ற சந்தோஷம் எனக்கு. அவருக்கு என்ன சந்தோஷம் என்று விளங்கவில்லை. அந்த மலர்ச்சியும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது அத்தை பால்கனியில் நின்று போனில் பேசுவது கேட்டது. பேசியது திருநெல்வேலியில் இருக்கும் தன் மகளிடம், அதாவது என் நாத்தனாரிடம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் அத்தையின் தாழ்ந்த குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல்.

"அவளுக்கு ஒண்ணும் வெவரம் தெரியாதுளா. நீயும் வாயத் தொறந்துராத. தெரிஞ்சா அவ்வளவுதான், எல்லாம் அவ கைக்குப் போயிரும்."

துணிகளோடு படியிலேயே நின்றுவிட்டேன். விவரம் தெரியாது என்றால் இரண்டு அர்த்தம். நான் ஒன்றும் புரியாத மக்கு என்பது ஒன்று. எனக்குத் தெரியாமல் ஏதோ காரியம் நடக்கிறது என்பது மற்றொன்று. எதுவாக இருந்தாலும் என் பக்கம் நல்லதில்லை. என் கைக்கு எது போய்விடும்? கடையா? ஊரில் இருக்கிற வீடா? நகையா? நான் எதையும் கேட்டதே இல்லையே.

அன்று ராத்திரி என் கணவரிடம், "ஊர்ல வீட்டு விஷயமா ஏதாவது பேச்சு நடக்குதா?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"என்ன பேச்சு? ஒண்ணுமில்லையே" என்றார்.

ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் இதில் உண்டு என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஏற்ற மாதிரிதான் அடுத்த வாரம் அந்த ரசமும் நடந்தது. மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. இருமல் மட்டும் என் கணவருக்கு நீண்டுகொண்டிருந்தது. அதனால் அத்தை மிளகு தட்டிப்போட்டு ரசம் வைத்தார். ஒரு வாய் குடித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கணவர் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, "என்னம்மா இது, இப்படிக் காரம்!" என்றார்.

அத்தை தன் தட்டில் இருந்த ரசத்தை இன்னொரு வாய் உறிஞ்சிவிட்டு மெதுவாக, "எனக்கு ஒண்ணும் ஒறைக்கலியே" என்றார்.

"உனக்கு என்னைக்கும்மா ஒறைச்சிருக்கு?" என்று இவர் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சாப்பாடு பாதியில் இருந்தது. ரசத்துக்கு ஒருவர் இப்படி எழுந்து போவாரா? அம்மாவும் பிள்ளையும் ரசத்தைச் சாக்காக வைத்து வேறு எதையோ பேசிக்கொள்கிறார்கள், அது எனக்குப் புரியக் கூடாது என்றுதான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் பதிப்பகத்தில் 'உறைத்தல்' என்ற பதிவு வந்தது. முதலில் காரமாக இருத்தல், இரண்டாவதாக மனத்தில் படுதல் என்று இருந்தது. பதிப்பாளரிடம் கேட்டேன். "முதலாவதை எடுத்துடும்மா. அது சும்மா நேர் அர்த்தம்தானே? பிள்ளைங்களுக்கு அது தெரியாதா? ரெண்டாவது மட்டும் இருந்தாப் போதும்" என்றார். நானும் சரிதான் என்று முதலாவதை அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் நானும் ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போவோம். படகுகள் கரை சேர்ந்ததும் மணலை ஒட்டிய பாதையில் பெண்கள் மீனைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு அம்மாவிடம்தான் அத்தை எப்போதும் வாங்குவார். வாங்குவதற்கு முன் சண்டை நடக்கும். அத்தை ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து, "இது நேத்துப் புடிச்சது" என்பார். அந்த அம்மா கடல் மேல் சத்தியம் செய்வார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள்.

அந்த ஞாயிறு அத்தை உட்காரவே இல்லை. நின்றபடியே வஞ்சிர மீன் ஒன்றைக் காட்டி, "அதப் போடு" என்றார்.

மீன்கார அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா ஆயா, செவுள தூக்கல, மோந்து பாக்கல, கம்முனு வாங்கிக்கினு போற? என்னாண்ட கோவமா கீறியா?"

"உம்மேல ஒரு நம்பிக்கைதான்" என்றார் அத்தை.

"அய்ய! இத்தினி வருசமா இல்லாத நம்பிக்கை இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் புதிதாக ஒரு யோசனை வந்தது. ஒருவேளை அத்தைக்கு மூளையில் ஏதாவது கோளாறோ? வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறுவது உண்டே. பழைய துவையலை மறந்து டப்பாவில் வைத்தது, ரசத்தில் கண்டபடி மிளகு, இப்போது இது. அப்படி இருந்தால் அவர் என் மேல் கெட்ட எண்ணம் வைத்திருக்கவில்லை என்று ஆகும். அது ஆறுதலாக இருந்தது. ஆனால் அது ஆறுதலாக இருப்பதை நினைக்கவும் சங்கடமாக இருந்தது. அதற்கப்புறம் அவரை வேறு விதமாகக் கண்காணிக்க ஆரம்பித்தேன். இன்று என்ன கிழமை என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். ஒருநாள், "என்னளா, எப்பப் பாத்தாலும் கெழமையக் கேக்க? ஒனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கிழமை சரியாகத்தான் சொன்னார். பேங்குக்குப் போக வேண்டிய நாளையும் அவரே ஞாபகப்படுத்தினார்.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்து படியேறும்போதே நெடி அடித்தது. முதலில் கீழ்வீட்டில்தான் என்று நினைத்தேன். மேலே ஏறஏற அதிகமானது. எங்கள் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே கேஸ் நெடி தொண்டையில் அடைத்தது.

அத்தை சமையலறை மூலையில் இருக்கும் சாமி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. கையில் தீப்பெட்டி. குச்சியை வெளியே எடுத்துவிட்டார்.

"அத்தை! தீப்பெட்டியக் கீழ வைங்க!"

"ஏன்?" என்று திரும்பினார். பொய் இல்லாத கேள்வி அது. ஏன் என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். அடுப்பைப் பார்த்தால் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் திறந்தபடியே இருந்தது. அதை மூடி, சிலிண்டரையும் மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் அத்தையை வெளியே இழுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார வைத்தேன். கீழே தெருவுக்கு இறங்கி நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

அவர் தி. நகரிலிருந்து எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதற்குள் நெடி குறைந்திருந்தாலும் படிவரை இருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் பயத்தில் கத்தினார்.

"அறிவிருக்காம்மா உனக்கு? வீடு முழுக்க நாறுது, அதுகூடத் தெரியாம தீக்குச்சியக் கொளுத்தப் போனியாமே! அறிவிருக்கா?"

அத்தை படியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"அறிவெல்லாம் இருக்குலே. மூக்குதான் செத்துப்போச்சு."

"காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் நாக்கும் மூக்கும் செத்துத்தான் போகும். அதுக்காக?"

"அப்பிடிச் சாகல. நெசமாவே செத்துப்போச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணும் தெரியல. மல்லியப்பூ தெரியல. மீனு தெரியல. காப்பி வெந்நீ மாதிரி இருக்கு. நீ மொளகு ஒறைக்கிதுன்னு கத்துன, எனக்குத் தொண்டையில கூடத் தெரியல. ஒறைக்கலன்னு சொன்னேன். சிரிச்ச."

என் கணவர் அப்படியே நின்றார். அவருக்கு இது எதுவும் தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் அவர் மேல் வைத்திருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது.

அத்தை மேல் இருந்தது சாகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நான்தானே தினமும் சந்தேகத்தோடு வாழ்ந்தவள். இதுவும் திட்டு வாங்காமல் தப்பிக்க ஒரு சாக்கோ என்று தோன்றியது. மெதுவாக உள்ளே போய்க் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். அத்தை எனக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, பின்னாலிருந்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். எதிரே நின்ற என் கணவரே முகத்தைச் சுளித்தார். அத்தை அசையவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொட்டலத்தை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அத்தை சமையலறைக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் அத்தை எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா அடுப்படிய நீ எடுத்துக்கிடுவ. மூக்கில்லாதவ கையில யாரு சமையல விடுவா? அப்புறம் இந்த வீட்டுல நான் எதுக்கு? மக வீட்டுக்கு அனுப்பிருவீங்க."

போனில் பேசியது இதுதானா? என் கைக்குப் போய்விடும் என்று அவர் பயந்தது அந்த இரண்டு அடுப்பும், கடுகு டப்பாவும்தானா? விவரம் தெரியாது என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் வெறுமனே விவரம் தெரியாது என்பதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை நாளும் அவரைப் பற்றி நான் என்னென்ன நினைத்தேனோ, அதே அளவுக்கு அவரும் என்னைப் பற்றி நினைத்திருக்கிறார்.

அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "சரி, இப்பம் உண்மையச் சொல்லு. நான் ஆக்குனதுல எது எது கெட்டுப்போச்சு?"

குழம்பில் புளி தூக்கல் என்றேன். ரசத்தை அவரே அறிவார். கொஞ்சம் தயங்கிவிட்டுத் துவையலையும் சொன்னேன்.

"ஊசிப்போச்சா?"

"நூல் விட்டிருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே?"

நீங்கள் எனக்கு வைத்த பொறி என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்ல?

"நீ மணமா இருந்துச்சுன்னு தலையாட்டுனதும், மூக்கு போனாலும் கை போகலன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. "கைப்பழக்கத்துலயே ஓட்டிரலாம், மூக்கு வரும்போது வரட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்கே ஊசிப்போச்சுன்னு நீ ஒரு கத்து கத்தியிருந்தேன்னா, ராத்திரியே எம்மவன்ட்ட சொல்லியிருப்பேன்."

அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். இளவயது டாக்டர். பார்த்து முடித்துவிட்டு என் கணவரிடம், "அம்மாவுக்கு சென்ஸ் சுத்தமா போயிருக்கு" என்றார்.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் அம்மாவுக்கு சென்ஸ் நல்லாவே இருக்கு டாக்டர். கடைக் கணக்கையே அவங்கதான் சரி பார்ப்பாங்க."

"இல்ல சார், நான் ஸ்மெல்ல சொன்னேன்."

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போது அத்தை மகனைப் பார்த்து, "டாக்டரு சொன்னா கோவம் வருது, நீயா சொன்னா வரலையோ?" என்றார். அவர் அத்தையின் பையை வாங்கித் தான் வைத்துக்கொண்டார்.

மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. திரும்ப வரலாம், வர நாளாகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் காலையிலும் மாலையிலும் நல்ல வாசனையுள்ள சாமான்களை மூக்கருகில் வைத்து, அது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே இழுத்துப் பார்க்க வேண்டும். கிராம்பு, எலுமிச்சைத்தோல், காபித்தூள், பெருங்காயம் என்று நான்கை எடுத்துக்கொண்டோம். சமையலறையில் கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றை என் கணவர் வாங்கி மாட்டினார். சமையல் அத்தையிடமே இருந்தது. நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், "ஏளா, வா, வந்து மோந்துட்டுப் போ" என்று கூப்பிடுவார். நான் போய் மோந்து சொல்லிவிட்டுப் போவேன். இப்போது புளி தூக்கல் என்றால் தூக்கல் என்றே சொல்கிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் தண்ணீர் விடுகிறார்.

அத்தை கண்ணை மூடிக்கொள்ள, நான் டப்பாக்களை ஒவ்வொன்றாக நீட்டுவேன். ஆரம்பத்தில் நாலுக்கும் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான். சில மாதத்துக்குப் பிறகு ஒருநாள், "பெருங்காயம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாளும் சரியாகச் சொன்னார். மூன்றாவது நாள் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. பெருங்காய டப்பாவின் மூடி மட்டும் திறக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். காபித்தூளைப் பெருங்காய டப்பாவுக்கு மாற்றிவிட்டு நீட்டினேன்.

"பெருங்காயம்" என்றார் அத்தை.

நான் டப்பாவை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "சத்தத்த வச்சுத்தான் சொன்னேன்" என்றார் சின்னக் குரலில். "தினமும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லி அலுத்துப்போச்சு." அன்றிலிருந்து சாமான்களைத் துணியில் கட்டித்தான் நீட்டுகிறேன். எலுமிச்சையை மட்டும் இரண்டு மூன்று தரம் சரியாகச் சொல்லியிருக்கிறார். துணி ஈரமாக இருந்ததை வைத்துச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தவர் திரும்பி, "யாரோ கருவாடு வறுக்கா" என்றார்.

நான் போய் நின்று நன்றாக இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். கீழ்வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கு திரும்பும்போது இல்லாத வாசனைகள் வருவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவாக இருக்கலாம். எங்கோ தள்ளி யாராவது வறுத்தும் இருக்கலாம். அல்லது அன்றைக்கு ஏதாவது ஒரு வாசனையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

மேலே வந்து, "எனக்கு வரல அத்தை" என்றேன்.

"ஒனக்கு மூக்கடைச்சிருக்கு. ஆவி புடி" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். நான் கூடவே போய், அவர் லைட்டரைத் தட்டி நீலத்தீ சுற்றிலும் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவரும் நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினார்.